இடி மின்னலுக்கு கேரண்டி இல்லை

என் முழங்காலுக்குள் இருக்கும் இரும்பைத் தேடி மின்னல் வரும் என்று நான் உறுதியாக நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்ற அளவில் அல்ல. முகவரி விசாரித்துக்கொண்டு, மஹய்யாவ சந்தியில் திரும்பி, எங்கள் மாடிப்படி ஏறி, அறைக்கதவைத் தட்டி வரும் என்ற அளவில்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் கண்டி டவுனில் ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில் இருபது வருடம் நின்று பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும். வருடக் கடைசி நெருங்கும்போது ஹந்தானை மலைக்கு மேலே பிற்பகலில் வானம் கறுக்கும். மறுநாள் காலையில் எங்கள் கடை வாசலில் டிவியைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு ஜனம் நிற்கும். "நேத்து இடிக்குப் போயிருச்சுங்க." நான் கேரண்டி கார்டை வாங்கி, படிப்பது போல் பாவனை செய்து (மனப்பாடம்தான்), முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்வேன்: "இடி மின்னலுக்கு கேரண்டி இல்லீங்களே." அதோடு ஒரு சிரிப்பும் உண்டு. கோபப்படவும் முடியாது, மேற்கொண்டு கேட்கவும் முடியாது, அப்படி ஒரு சிரிப்பு. பயிற்சி எடுத்து வரவழைத்தது.

இப்படிப்பட்ட என் வலது முழங்காலுக்கு மேலே ஒரு வலி வந்தது. நாள் முழுக்கக் கடையில் நிற்கிற வலி என்று நினைத்தேன். எண்ணெய் போட்டேன், பத்துப் போட்டேன், பெல்ட் போட்டேன். கடைசியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர் எலும்பில் புற்றுநோய் என்றார். தொடை எலும்பின் கீழ்ப்பகுதியை முழங்கால் மூட்டோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தால் ஒரு மூட்டு வைத்தார்கள். "முழுசா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு" என்று சொன்னபோது என் மனைவி சாந்தி அழுதாள். நான் அந்த உலோகத்தின் பிராண்ட் என்ன என்று கேட்டேன். (தொழில் புத்தி.)

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர், "வேற ஏதும் கேட்கணுமா?" என்றார். மற்றவர்கள் இந்த இடத்தில் எத்தனை வருடம் இருப்பேன் என்று கேட்பார்கள் போலிருக்கிறது. நான் கேட்டேன்: "டொக்டர், உள்ள வச்சிருக்கிறதுக்கு இடி மின்னல் கேரண்டி இருக்கா?"

அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இருபது வருடமாக நான் சிரித்த அதே சிரிப்பு.

எங்கள் வீடு மாடியில். கீழே ரோட்டோரமாக ஹனீபா நானாவின் டயர் கடை. நானாதான் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, என்னைக் கதிரையோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தவர். அன்றிலிருந்து என் உலகம் ஓர் அறை. அறையில் ஓர் இரும்புக் கட்டில், ஓர் இரும்பு அலுமாரி, இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், நடப்பதற்கு நான்கு கால் உலோகச் சட்டம் ஒன்று. இவ்வளவுக்கும் நடுவில் நான், உள்ளே இரும்போடு. அறையில் இரும்பு இல்லாதது ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை.

முழங்காலை மடக்குவதற்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் இருந்த தர்மினி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்த முகம், சிரிக்காத கை. சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து அமுக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டை வைத்து வழுக்கி வழுக்கி இழுக்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பின்னால் மடக்க வேண்டும். காலையும் மாலையும் கொஞ்சம், பிற்பகலில் நன்றாக.

"இங்க நான் செய்து விடுறது பெரிசில்லை" என்றார். "வீட்ட நீங்கள் செய்யிறதுதான். இந்த மாதங்களில மடக்கோணும். இறுகிச்சுதெண்டால் பிறகு நான் வந்து அழுதாலும் மடங்காது."

மடங்காத காலோடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் என் கால் நடுவழியில் நீட்டிக்கொண்டு நிற்கும், கொண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டி டிக்கட் கொடுப்பார். திரீவீலில் ஏறினால் கால் வெளியே இருக்கும், பின்னால் வருகிறவன் வண்டி வலது பக்கம் திரும்பப் போகிறது என்று நினைப்பான். இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாத ஒன்றும் இருந்தது. எங்கள் கடையின் ஸ்டோர் மேல்மாடியில். ஏணி மாதிரி செங்குத்தான படி. முழங்கால் மடங்காதவனுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. முதலாளி நல்லவர்தான், "நீ வரும் வரைக்கும் எடம் இருக்கு" என்று சொல்லியிருந்தார். ஆனால் கால் வராமல் நான் மட்டும் வந்தால் அவர்தான் என்ன செய்வார்?

எனவே ஒழுங்காகச் செய்தேன். முதல் சில நாட்கள்.

பிறகு மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் பிற்பகல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிக்கொண்டிருந்தேன். ஹந்தானைப் பக்கம் ஒரு மின்னல். இடி. அதே கணத்தில் என் முழங்காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம்: டக்.

மடக்குவதை நிறுத்தினேன். அடுத்த இடிக்குக் காத்திருந்தேன். பயத்தில் கால் நடுங்கியது. மறுபடியும் டக்.

மேலே கூப்பிடுகிறது, கீழே பதில் சொல்கிறது.

சாந்தியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முதலாம் வகுப்பு டீச்சர். எதைச் சொன்னாலும், "சரி, வேற யாருக்கு இப்படித் தோணுது? கையைத் தூக்குங்க" என்பது மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். தவிர, எனக்கே ஒன்று தெரிந்திருந்தது. புற்றுநோய் ஏன் வந்தது, மறுபடி வருமா, எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பயப்படத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. மின்னலைப் பற்றித் தெரியும். பயப்படுவதென்றால் தெரிந்ததற்கே பயந்துவிட்டுப் போகலாமே.

பாதுகாப்பு ஏற்பாடுகளில் இறங்கினேன். முதலில் நடைச் சட்டத்தை அறையின் தூர மூலைக்குத் தள்ளினேன். (மின்னல் வந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பலி.) படுக்கையிலேயே இரண்டு காலுக்கும் ரப்பர் செருப்பு. அப்புறம் ஜன்னல் வழியாக நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, பழைய லொறி டியூப் துண்டு ஒண்ணு இருக்கா? கால் உள்ள போற மாதிரி."

"என்னத்துக்கு ராஜூ?"

"எக்சர்சைஸுக்கு."

"மாஷா அல்லாஹ்! செய்ங்க, செய்ங்க. மிச்சம் நல்ல டியூப் ஒண்டு ஈக்கி. கழுவித் தாறன்."

கழுவித்தான் தந்தார் பாவம். கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் பவுடர் போட்டு அந்த டியூப்பை ஏற்றினேன். யானைக்குக் கால்சட்டை போட்ட மாதிரி இருந்தது. மனதுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! ஒரே ஒரு குறைதான். அதைப் போட்டுக்கொண்டு முழங்காலை மடக்க முடியாது.

எனவே பிற்பகல்களில் கதவைச் சாத்திக்கொண்டு, பிளக் பிடுங்கிய டிவி மாதிரி நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தேன். ஒவ்வொரு இடிக்கும் "ஐயோ... அம்மா..." என்று என்னை அறியாமல் சத்தம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சாந்தி குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மழை விட்டதும் தேத்தண்ணீரோடு வந்து, "இன்னைக்கு நல்லாச் செஞ்சிருக்கீங்க போல. சத்தம் குசினி வரைக்கும் கேட்டுச்சு. வெரி குட்" என்பாள். கடும் மழை நாட்களில் தேத்தண்ணீரோடு முட்டையும் கிடைத்தது.

அடுத்த கிளினிக்கில் தர்மினி மிஸ் அந்தக் கோணம் அளக்கும் சாமானைக் காலில் வைத்துப் பார்த்தார். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

"போன முறை இருந்ததிலேயும் குறைஞ்சிருக்கு. வீட்ட செய்யிறீங்களோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி சொன்னாள்: "தெனமும் கத்துறாரு மிஸ். சில நாளு கேக்கவே முடியாது, எனக்கே கண்ணு கலங்கிரும்."

மிஸ் என்னைப் பார்த்தார். "கத்தல் வருது. கோணம் வரேல்ல."

அப்புறம் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இஞ்ச பாருங்கோ, அண்ணா. அடுத்த கிளினிக்கிலேயும் இப்படியே இருந்தா டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். திரும்ப மயக்கி, அவர்தான் மடக்கிப் பாப்பார். அதிலேயும் வராட்டி இதுதான் உங்கட கால்."

வரும் வழியெல்லாம் திரீவீலின் பின் சீட்டில் காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வந்தேன். சாந்தி ஓர் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். என் செருப்பு அவள் மடியில் இருந்தது. நாளை முதல் இடியோ மழையோ மடக்கிவிடுவது என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அந்த நாளையும் வந்தது, வானமும் கறுத்தது. டியூப்பைத் தேடினேன்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் அதிபர் வந்தார். சாந்தியின் பள்ளிக்கூட அதிபர். நோயாளி பார்க்கிற கடமையை நம்மூரில் யார் விட்டாலும் அவர் விடமாட்டார். பெரிய உருவம், வெள்ளைச் சட்டை, ஒரு பை தோடம்பழம், இரும்புக் கம்பியும் இரும்பு நுனியும் வைத்த ஆளுயரக் கறுப்புக் குடை. டியூப்பைக் கழற்ற நேரமில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அதிபர் வந்து உட்கார்ந்தார். எதில் என்று நினைக்கிறீர்கள்? அறையில் இரும்பில்லாத அந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையில். நிலைமை மோசமானால் ஏறி உட்காரலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த கதிரை.

"எப்படி இருக்கீங்க ராஜேந்திரன்?" என்று கேட்டவரின் பார்வை போர்வைக்குக் கீழே இருந்த என் காலில் விழுந்தது. லொறி டியூப்போடு சேர்த்து அது ஒரு பலா மரம் அளவுக்கு இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "எல்லாம் அவன் செயல். மனசத் தளர விடாதீங்க. இவ்வளவு வீங்கியிருக்கும்னு டீச்சர் சொல்லலையே."

"வீக்கம் இல்ல சேர்..."

"மறைக்காதீங்க. ரப்பர் கருகுற மாதிரி ஒரு வாசம் வேற வருது. கீழ டயர் கடையா?"

"ஆமா சேர். கீழதான்."

வெளியே ஒரு வெட்டு வெட்டியது. இடி ஹந்தானையிலிருந்து இறங்கி டவுனைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பது சத்தத்தில் தெரிந்தது. "சேர், அந்தக் குடைய வெளிய வச்சிட்டா..." என்றேன்.

"ஆமாமா, தண்ணி சொட்டுது" என்று அவர் எழுந்து, குடையின் வளைந்த பிடியை என் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நான் அதைப் பார்த்தேன். குடை இரும்பு. குடை தொடுவது கட்டில், அதுவும் இரும்பு. கட்டிலில் கிடப்பது நான். இருபது வருடம் வயர் விற்ற எனக்கு இதற்குமேல் யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. சுற்று பூர்த்தியாகிவிட்டது. சுவிட்ச் மட்டும்தான் மேலே இருக்கிறது.

அதிபர் கண்ணை மூடிக்கொண்டு வாழ்க்கையின் நிலையாமை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெள்ளையாக வெளுத்தது. அடுத்து ஒரு சத்தம்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி ஆடியது. கட்டில் துள்ளியது. லைட் அணைந்தது. சத்தம் வானத்திலிருந்து வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது: மின்னல் என் வழியாகப் போய்க் கீழே எர்த் ஆகிவிட்டது.

நடைச் சட்டம் இல்லாமல் நான்கடி நகர முடியாது என்று சொல்லப்பட்டவன், கட்டிலை விட்டு எப்படிக் கிளம்பினேன் என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. இருட்டில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிளாஸ்டிக் கதிரை. அதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

மழைச் சத்தம் மட்டும்.

"ராஜேந்திரன்" என்றார் அதிபர், இருட்டில், என் கழுத்துக்குப் பின்னாலிருந்து.

"சேர்."

"நீங்க என் மடியில உட்கார்ந்திருக்கீங்க."

"தெரியும் சேர். இடி கொஞ்சம் கொறஞ்சதும் எறங்கிக்கிறேன்."

"அவசரமில்ல" என்றார். நல்ல மனிதர். அவர் குரலும் நடுங்கியது.

சாந்தி போனில் டோர்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் மகள் பவித்ரா. வெளிச்சம் முதலில் அதிபரின் முகத்தில் விழுந்தது. பிறகு என் முகத்தில். பிறகு கீழே இறங்கி லொறி டியூப்பில். சாந்தியின் வாய் திறந்தது, "இது என்ன கர்மம்" என்று தொடங்கி, பாதியில் நின்றது. வெளிச்சம் என் முழங்காலிலேயே நின்றுவிட்டது.

என் பாதம் தரையில் இருந்தது. தொடை அதிபரின் தொடைமேல் இருந்தது. இடையில் டியூப் முகத்தைச் சுளித்துக்கொண்டு மடிந்திருந்தது. அதற்குள்ளே என் முழங்காலும் மடிந்திருந்தது, கதிரையில் உட்காரும் எந்த மனிதனுக்கும் மடிகிற மாதிரி.

"சேர், அசையாதீங்க!" என்று கத்தினாள் சாந்தி. "பவி, போட்டோ எடு! மிஸ்ஸுக்கு அனுப்பு! என்னங்க, கால நீட்டினீங்கன்னா தெரியும் சேதி!"

நான் நீட்டவில்லை. நீட்டும் நிலையிலும் இல்லை. அந்த நேரத்தில்தான் வலி வந்து சேர்ந்தது, பின்னால் வந்த பஸ் மாதிரி, நிறைய ஆட்களோடு. அதிபர் ஒரு கையால் என் முதுகைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டார். போட்டோவில் அது தெளிவாகத் தெரிகிறது.

தர்மினி மிஸ்ஸிடமிருந்து குரல் செய்தி வந்தது. பவித்ரா சத்தமாகப் போட்டாள்: "கோணம் நல்லா இருக்கு. ஆனா ஆரது, கீழ இருக்கிறவர்?"

மறுநாள் ஆஸ்பத்திரி. உள்ளே வைத்த இரும்பு இடம் மாறிவிட்டது, தையல் பிரிந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று வழியெல்லாம் நான் உயில் சொல்லிக்கொண்டே போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. தசைதான் இழுபட்டிருந்தது, கொஞ்சம் வீங்கியிருந்தது. தர்மினி மிஸ் என்னை உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். டியூப் வரைக்கும் தாங்கினார், நடைச் சட்டத்தைப் பலி கொடுத்த இடத்தில் மேசையில் தலையை வைத்துவிட்டார்.

நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினார். "விழுந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமோ? இனி இப்படிப் பாய்ஞ்சா நான் பாக்கமாட்டன். மின்னல் உங்கட காலத் தேடி வராது. அதுக்கு வேற வேலை இருக்கு."

"அப்ப அந்த டக் சத்தம், மிஸ்?"

"உள்ள ரெண்டு துண்டு ஒண்டில ஒண்டு முட்டுற சத்தம். ஓம், வரும். எல்லாருக்கும் வாறதுதான். இடிக்கும் வரும், வெயிலுக்கும் வரும். ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லயோ?"

சொல்லியிருப்பார்கள். சொன்ன நேரத்தில் நான் பிராண்ட் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உடற்பயிற்சி. சாந்தி எதிரில் உட்கார்ந்து கொப்பி திருத்துவாள். நான் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னால் இழுப்பேன். வலிக்கும்போது உண்மையாகவே வலித்தது, ஆனால் கத்தினால் நம்ப ஆளில்லை. இடி வந்த நாட்களில் சாந்தி தலையைத் தூக்காமலே, "ம், இழுங்க" என்பாள். நான் இழுத்தேன். இடிக்கும். டக் என்னும். இழுப்பேன். அடுத்த கிளினிக்கில் மிஸ் அளந்து பார்த்துவிட்டு, டொக்டருக்குச் சொல்லும் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது கடையில் இருக்கிறேன். மேல்மாடிப் படியில் நல்ல காலை முதலில் வைத்து ஏறி, இரும்புக் காலை முதலில் வைத்து இறங்குகிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கப் போகவேண்டும். அதற்கு முந்திய இரவு எனக்குத் தூக்கம் வராது, சாந்திக்கும் வராது. இருவரும் தூங்குவதாகப் பாவனை செய்வோம். இதுவரைக்கும் எல்லாம் சுத்தம்.

வானம் கறுத்தால் எங்கள் வீட்டில் யாரும் பிளக் பிடுங்குவதில்லை. பவித்ரா போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பாள்: "அப்பா, சேரை வரச்சொல்லவா?" அதிபரும் சளைத்தவரில்லை. பள்ளிக்கூட விழாவில் என்னைக் கண்டால், முன்வரிசையில் இடம் இருந்தாலும் தன் மடியைத் தட்டிக் காட்டுவார்.

இந்தப் பெருநாளைக்கு ஹனீபா நானா புரியாணிச் சட்டியோடு மேலே வந்தார். சட்டியை வைத்துவிட்டுப் போகாமல், கதவோரமாக நின்றார்.

"ராஜூ, ஒண்டு சொல்லோணும். இவ்வளவு நாளும் சொல்ல ஏலாம ஈந்திச்சி."

"சொல்லுங்க நானா."

சொன்னார். அதிபர் வந்த அன்றைக்கு இடி எங்கேயும் விழவில்லை. கீழே அவர் கடையில், காற்று கூடிப்போன ஒரு லொறி டியூப் வெடித்தது. பயத்தில், மாடிக்கும் சேர்த்து இருந்த மெயின் சுவிட்சை அணைத்தவரும் அவர்தான்.